மேசன் வருவதற்கு முன்பே முடிவாகிவிடும் வீட்டின் விலை

வடக்கில் வீடு கட்டுவது பற்றிப் பேச்சு எழுந்தால் சீமெந்து, மணல், கம்பி, மேசன் கூலி என்றுதான் கதை போகும். அவற்றின் விலை ஏறியிருப்பது உண்மை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரைகுறையாக நிற்கும் சுவர்கள் எல்லாக் கிராமங்களிலும் உண்டு. ஆனால் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டுப்படியாகுமா, ஆகாதா என்பதைச் சீமெந்து மட்டும் தீர்மானிப்பதில்லை. அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே, பிரதேச சபையின் அல்லது மாநகர சபையின் மேசையில் அதில் ஒரு பெரிய பகுதி தீர்மானமாகிவிடுகிறது. காணியின் ஆகக்குறைந்த அளவு, பாதையின் அகலம், கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையிலான தூரம், எந்தத் தாளை ‘உரிமை’ என்று ஏற்பது ஆகிய விதிகளைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நான் வீட்டுப்படம் கீறும் தொழிலில் இருப்பவன். என்னிடம் வருகிறவர்கள் ‘எத்தனை அறை வைக்கலாம்?’ என்று கேட்டுத்தான் தொடங்குவார்கள். ஆனால் காணியின் அளவைப் படத்தை விரித்ததும் கேள்வி மாறிவிடும்: ‘இந்தக் காணிக்கு அனுமதி கிடைக்குமா?’ இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள், சீதனமாகக் கிடைத்த துண்டுக் காணியில் குடியேற நினைக்கும் இளம் தம்பதிகள், கணவரை இழந்து பிள்ளைகளுடன் தனித்து நிற்கும் பெண்கள் ஆகியோரிடம்தான் இந்தக் கேள்வி அதிகம்.

எந்தச் சட்டம் எங்கே நிற்கிறது

முதலாவது, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். உள்ளூராட்சி சபையின் எல்லைக்குள் கட்டடம் கட்டுவதற்கு முன் வரைபடத்தைச் சமர்ப்பித்துத் தலைவரின் அனுமதி பெறவேண்டும் என்பதும், கட்டி முடிந்த பின் குடிபுகு சான்றிதழ் பெறவேண்டும் என்பதும் இதிலிருந்து வருகின்றன. நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட சட்டம் இது. நெருக்கமான குடிசைகளில் நோய் பரவுவதைத் தடுக்கும் நோக்கம் அதன் அடியில் இருந்தது.

இரண்டாவது, 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். ஒரு பிரதேசம் நகர அபிவிருத்திப் பிரதேசம் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டால் அங்கே அந்த அதிகார சபையின் திட்டமிடல், கட்டட விதிகள் செல்லுபடியாகும். விண்ணப்பத்தை வாங்கி அனுமதி வழங்குவது பெரும்பாலும் உங்கள் ஊர்ச் சபைதான். விதியை எழுதியது கொழும்பு. அந்த விதிகள் 1986இல் வந்தன, 2021இல் புதிதாக வெளியிடப்பட்டன.

மூன்றாவது, பிரதேச சபைகள் தம் அதிகாரத்துக்குட்பட்டு இயற்றக்கூடிய உபவிதிகள். மக்கள் ஆகக்குறைவாகக் கவனிப்பதும், ஆனால் நாம் தெரிவுசெய்யும் உறுப்பினர்களால் நேரடியாகத் தொடக்கூடியதும் இதுதான்.

ஆறு பேர்ச் என்ற எண்

நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளில் ஒரு குடியிருப்புக் காணித் துண்டின் ஆகக்குறைந்த அளவாக நாட்டில் நிலைபெற்றது 150 சதுர மீற்றர். அதாவது ஏறத்தாழ 6 பேர்ச். நம்முடைய கணக்கில் சொன்னால், 10 பேர்ச் ஒரு பரப்பு, ஒரு பரப்புக்கு 18 குழி. ஆகவே 6 பேர்ச் என்பது கிட்டத்தட்ட 11 குழி. புதிதாகப் பிரிக்கும் காணி இதற்குக் கீழே போனால் அனுமதி சிக்கலாகிவிடும்.

பரப்புக் கணக்கில் காணி வாங்கி விற்கும் நமக்கு 11 குழி சின்ன அளவாகத் தெரியலாம். அது எப்படி இடிக்கிறது என்பதற்கு ஒரு சாதாரண முதுசக் காணியை எடுத்துக்கொள்வோம்.

தாய் தகப்பனுக்கு 2 பரப்பு வளவு. மூன்று பெண் பிள்ளைகள். 2 பரப்பு என்றால் 20 பேர்ச், ஏறத்தாழ 506 சதுர மீற்றர். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு ஆறரைப் பேர்ச்சுக்கு மேல் வரும், விதிக்குள் அடங்கும் என்றுதான் தோன்றும். ஆனால் வளவு ஒழுங்கைப் பக்கம் ஒடுங்கி உள்ளே நீண்டு கிடக்கிறது. அகலம் 16 மீற்றர், நீளம் 31 மீற்றருக்குச் சற்று மேல். பின்னால் இருக்கும் பிள்ளைக்குப் பாதை விடவேண்டும். 3 மீற்றர் அகலத்தில் பாதை விட்டால், முன்னால் உள்ள இரண்டு துண்டுகளுக்கும் தலா 150 சதுர மீற்றர் கொடுத்த பிறகு மூன்றாவது பிள்ளைக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 137 சதுர மீற்றர். ஐந்தரைப் பேர்ச்சுக்கும் சற்றுக் குறைவு. அரைப் பேர்ச் குறைந்ததால் கடைசிப் பெண்ணின் காணி சிக்கலுக்குள் விழுகிறது.

அந்தக் குடும்பம் என்ன செய்கிறது? பலர் பிரிக்காமலே பிரிபடாத பங்காக உறுதி எழுதிவிடுகிறார்கள். தாளில் மூவருக்கும் உரிமை உண்டு. எந்த மூலை யாருக்கு என்பது வாய்ப்பேச்சு. கடன் கேட்டுப் போனால் வங்கி பிரிபடாத பங்கை ஈடாக ஏற்கத் தயங்குகிறது. வீட்டுத்திட்டம் வந்தால் சகோதரிகள் மூவரின் ஒப்புதலும் தேவைப்படுகிறது. அவர்களில் ஒருத்தி கனடாவிலோ பிரான்ஸிலோ இருந்தால் அற்றோர்னித் தத்துவம் எடுப்பதிலிருந்து தொடங்கவேண்டும். வீட்டின் விலையில் இந்த அலைச்சலும் ஒரு பங்கு. ஆனால் அதை எந்த மதிப்பீட்டுத் தாளிலும் நான் கண்டதில்லை.

பாதை விழுங்கும் காணி

காணியை வாங்கிப் பிரித்து விற்கும்போது இதே விதி விலையாக மாறுகிறது. ஒரு பாதையைப் பயன்படுத்தும் காணிகளின் எண்ணிக்கை கூடக்கூட அந்தப் பாதையின் அகலமும் கூடவேண்டும் என்பது விதி. ஒரு ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 40 பரப்புக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் பத்திலொரு பங்கைத் திறந்த வெளியாக ஒதுக்கவும் வேண்டும்.

கணக்குக்காக மட்டும் ஒரு விலையை வைத்துக்கொள்வோம். ஒரு பரப்பு 10 இலட்சம். 4 பரப்புக் காணி, 40 இலட்சம். அகலம் 22 மீற்றர், நீளம் 46 மீற்றர். நீளப்பாட்டுக்கு ஒரு பக்கத்தில் பாதை விடுகிறோம்.

பாதை 3 மீற்றர் என்றால் மிஞ்சும் இடத்தில் 150 சதுர மீற்றருக்குக் குறையாத 5 துண்டுகள் வெட்டலாம். ஒரு குடும்பத்துக்குக் காணிச் செலவு 8 இலட்சம். பாதை 6 மீற்றர் என்றால் 4 துண்டுகள்தான் வரும். ஒரு குடும்பத்துக்கு 10 இலட்சம். அதே 6 மீற்றர்ப் பாதையை வைத்துக்கொண்டு, துண்டு ஒன்றுக்கு 75 சதுர மீற்றர், அதாவது 3 பேர்ச் போதும் என்று அனுமதித்தால் 9 குடும்பங்கள் இருக்கலாம். ஒரு குடும்பத்துக்கு நாலரை இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு.

காணி அதே காணி, விலையும் அதே விலை. விதியில் உள்ள ஒரு எண்ணை மாற்றினால் ஒரு குடும்பத்தின் செலவு பாதிக்கு மேல் குறைகிறது. இன்னொரு எண்ணைக் கூட்டினால் ஒரு குடும்பம் அந்தக் காணியிலிருந்தே வெளியே போகிறது.

இந்திய வீட்டுத்திட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2012 ஒக்டோபரில் வடக்கு, கிழக்கில் தொடங்கிய பெரும் கட்டத்தில் புதிய வீடு ஒன்றுக்கு 5,50,000 ரூபா, கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. வீட்டின் பரப்பளவு ஆகக்குறைந்தது 550 சதுர அடி. சதுர அடிக்கு ஆயிரம் ரூபா என்ற கணக்கு. இந்தப் பணம் வீட்டுக்கு மட்டும்தான். காணி ஏற்கெனவே இருக்கிறது என்பதே திட்டத்தின் எடுகோள். ஆகவே காணி இருந்தவர்கள் கடன்பட்டாவது வீட்டை முடித்தார்கள். காணி இல்லாதவர்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் அகப்பட்ட காணிகளாலும் வெளிநாட்டுக் காசு வந்து விழும் சந்தையாலும் ஏற்கெனவே எட்டாத உயரத்துக்குப் போன காணி விலையை, ஆறு பேர்ச் விதி இன்னொரு படி மேலே தூக்கி வைக்கிறது.

கிணறும் மலக்குழியும்

‘அப்படியானால் விதியைத் தூக்கி எறிந்துவிடலாமே’ என்று யாராவது சொன்னால் நான் அதற்கு எதிரானவன். காரணம் எங்கள் தண்ணீர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குவதையே கிணறுகளில் அள்ளுகிறோம். வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த அந்தக் கல், மழைநீரைப் போலவே மலக்குழியின் நீரையும் தடையில்லாமல் உள்ளே விடும். விவசாயப் பசளையாலும் மலக்குழிகளாலும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பது ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவரும் விடயம். யாழ் நகரில் வீடுகளை இணைக்கும் கழிவுநீர்க் குழாய்த் தொகுதியும் இல்லை.

ஆகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே தூரம் கேட்பது தொந்தரவுக்காக அல்ல. ஆனால் 10 மீற்றர் அகலமும் 15 மீற்றர் நீளமும் உள்ள ஒரு ஆறு பேர்ச் காணியில் மூலைக்கு மூலை அளந்தால் 18 மீற்றர்தான். கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்து உங்கள் கிணற்றைக் காப்பாற்றினாலும், குழி பக்கத்து வீட்டுக் கிணற்றோடு ஒட்டிக்கொள்கிறது. ஆறு பேர்ச் என்ற எண்ணே தண்ணீரைக் காப்பாற்றவில்லை. துண்டுக்கொரு கிணறு, துண்டுக்கொரு குழி என்ற முறை இருக்கும்வரை ஆறும் போதாது, எட்டும் போதாது.

இங்கேதான் விதி தவறான இடத்தில் இறுக்கமாக இருக்கிறது. காணியின் அளவைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, கழிவு எங்கே போகிறது என்பதைப் பிடிக்கவேண்டும். எட்டு, ஒன்பது வீடுகளுக்கு நன்றாகக் கட்டப்பட்ட, நீர் கசியாத ஒரு பொதுத் தொட்டி, அதைக் காலத்துக்குக் காலம் சபையின் பவுசர் வந்து இறைப்பது, குடிநீருக்குக் குழாய்நீர் என்றால் மூன்று பேர்ச் வீடுகள் நிலத்தடி நீருக்கு இப்போதைய ஆறு பேர்ச் வீடுகளைவிடக் குறைந்த கெடுதலே செய்யும். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. குழாய்நீர் சேரும் இடங்களில் சபைகள் காணி அளவு விதியை மீண்டும் யோசிப்பதற்கு இது ஒரு நியாயம்.

வயல் நிலத்துக்கும் இதே நிதானம் வேண்டும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வயலை நிரப்பவோ வேறு தேவைக்குப் பயன்படுத்தவோ முடியாது. மேட்டுக் காணி எட்டாத விலைக்குப் போகும்போது வறிய குடும்பங்கள் மலிவான வயற்கரைத் துண்டுகளைத்தான் வாங்குகின்றன. பிறகு அனுமதி கிடைப்பதில்லை. கட்டினாலும் மாரியில் வெள்ளம் உள்ளே வரும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழை குடாநாட்டை மூழ்கடித்ததைக் கண்டவர்களுக்கு, வெள்ளம் வடிய இடம் விடவேண்டியதன் அருமை தெரியும். வயல் விதி சரியானது. மேட்டில் சிறிய காணியை மறுத்து மக்களை வயலை நோக்கித் தள்ளுவதுதான் பிழை.

வன்னியில் சிக்கல் வேறு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காணி பெரிது. அங்கே ஆறு பேர்ச் ஒரு பிரச்சினையே இல்லை. சிக்கல் தாளில் இருக்கிறது. குடியேற்றத் திட்டங்களின் பெரும்பாலான காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ வழங்கப்பட்டவை. அவற்றை விரும்பியபடி விற்கவோ பிரிக்கவோ முடியாது. பிரிக்கக்கூடிய ஆகக்குறைந்த அளவு பத்திரத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஏழைகளின் காணியைப் பணக்காரர் வாங்கிவிடாமல் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்தப் பாதுகாப்பு இன்றும் தேவை.

ஆனால் போரில் அனுமதிப்பத்திரம் எரிந்தது, தொலைந்தது. பத்திரத்தில் பெயர் உள்ளவர் இறந்தார் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார். பின்னுரிமையாளர் நியமிக்கப்படாத இடங்களில், ஆண் பிள்ளைக்கு முதலிடம் கொடுத்த பழைய பின்னுரித்து அட்டவணையால் பெண் பிள்ளைகள் பின்தள்ளப்பட்டார்கள். அந்தப் பாகுபாடு 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தச் சட்டத்தின் மூலமே நீக்கப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்ட கணவரின் பெயரில் பத்திரம் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, வீட்டுக்கான அனுமதி என்பது வெறும் கட்டட விதி அல்ல. கணவருக்கு என்ன நடந்தது என்ற கேள்விக்கு ஒரு தாளில் பதில் எழுதச் சொல்லும் விதி. அதை எழுத மனம் வராததால் ஆண்டுக்கணக்கில் தறப்பாளின் கீழ் இருந்தவர்களை எங்களில் பலர் அறிவோம்.

கரையோரத்திலும் இப்படி ஒரு பாடம் உண்டு. சுனாமிக்குப் பிறகு 2005இல் கட்டடம் கட்டத் தடைசெய்யப்பட்ட கரையோர வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று அறிவிக்கப்பட்டது. கரையை விட்டுப் போகமுடியாத கடற்றொழிலாளர் குடும்பங்கள் கட்டவும் முடியாமல், வேறிடம் போகவும் முடியாமல் காத்திருந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தூரங்கள் தளர்த்தப்பட்டன. விதிக்கோட்டை ஒரு நாளில் கீறலாம், ஒரு நாளில் அழிக்கலாம். இடைப்பட்ட மாதங்களின் விலையைக் கொடுத்தவர்கள் அந்தக் குடும்பங்கள்.

கொழும்பில் ஏற்கெனவே செய்தது

சட்டத்தை மாற்றாமல் எதுவும் செய்யமுடியாது என்று சொல்பவர்களுக்கு இந்த நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1980களில் தேசிய வீடமைப்பு அதிகார சபை நடத்திய பத்து இலட்சம் வீட்டுத்திட்டத்தின்போது, கொழும்பின் தோட்டங்களிலும் குடிசைப் பகுதிகளிலும் ஆறு பேர்ச் விதியைப் பிடித்தால் பெரும்பாலான குடும்பங்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. ஆகவே அவ்விடங்களை நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் விசேட திட்டப் பிரதேசங்களாக அறிவித்து, ஒரு குடும்பத்துக்கு 2 பேர்ச், அதாவது 50 சதுர மீற்றர் என்று ஒதுக்கினார்கள்.

அதைவிட முக்கியமானது விதியை எழுதிய விதம். குடியிருப்பு மக்களும் அதிகாரிகளும் ஒன்றாக இருந்து பேசி, பாதைக்கு எவ்வளவு விடுவது, யன்னல் எந்தப் பக்கம், கூரைநீர் எங்கே விழவேண்டும் என்று அந்தந்தக் குடியிருப்புக்கான கட்டட விதிகளைத் தாங்களே வகுத்தார்கள். அயலவர் ஒப்புக்கொண்ட விதி என்பதால் அதைக் காவல்காப்பதும் அயலவர்களே. அந்தத் திட்டத்தின் எல்லா வேலையும் சிறப்பாக அமைந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் தேவைக்கு ஏற்ப அளவைத் தளர்த்தச் சட்டத்தில் இடம் இருந்தது என்பதும், அது பயன்படுத்தப்பட்டது என்பதும் பதிவாகியுள்ள உண்மை. கொழும்பின் ஏழைகளுக்குத் திறந்த கதவை, முப்பது ஆண்டுப் போரைச் சந்தித்த மக்களுக்கு ஏன் திறக்கமுடியாது?

சபைகளிடம் என்ன கேட்கலாம்

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து, மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இயங்கிய உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. இப்போது ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார். வீதி விளக்கையும் கிறவல் ஒழுங்கையையும் கேட்கும் அதே வாயால் இவற்றையும் கேட்கலாம்.

ஒன்று, காணியற்ற குடும்பங்களைக் குடியமர்த்தும் இடங்களை விசேட திட்டப் பிரதேசங்களாக அறிவிக்கும்படி சபை தீர்மானம் நிறைவேற்றி நகர அபிவிருத்தி அதிகார சபையைக் கோரவேண்டும். பொதுக் கழிவுத் தொட்டியும் குழாய்நீரும் அதற்கு நிபந்தனையாக இருக்கட்டும்.

இரண்டு, பெற்றோர் பிள்ளைகளுக்குப் பிரிக்கும் முதுசக் காணியையும், வியாபாரத்துக்காகப் பிரிக்கும் காணியையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. முன்னதற்குப் பாதை அகலத்திலும் துண்டின் அளவிலும் ஒரு சலுகை எல்லை வேண்டும்.

மூன்று, 550 சதுர அடிக்குட்பட்ட சிறிய வீடுகளுக்கு மூன்று, நான்கு மாதிரி வரைபடங்களைச் சபையே தயாரித்து இலவசமாகக் கொடுக்கலாம். முதலில் ஒரு அறையும் குசினியும், பிறகு வசதி வரும்போது மிகுதி என்று படிப்படியாகக் கட்டக்கூடிய படங்களாக அவை இருக்கவேண்டும். என் தொழிலுக்கு இதனால் வரும்படி குறையும். குறையட்டும், ஒரு அறை வீட்டுக்குப் படம் கீறக் காசு வாங்கும்போது எனக்கும் கை கூசத்தான் செய்கிறது.

நான்கு, என்னென்ன தாள்கள் வேண்டும், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் என்பதைத் தமிழில் சபையின் வாசலில் எழுதிப் போடவேண்டும். ஒரு தாள் குறைந்ததற்காக நான்கு முறை அலைவதென்றால் நாட்கூலிக்காரருக்கு நான்கு நாள் சம்பளம் போய்விடும். சொல்ல மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் முடிவை அறிவிக்கவேண்டும்.

தனிப்பட்ட முறையில் வாசகர்களுக்கு ஒன்று. காணி வாங்குவதற்கு முற்பணம் கொடுக்கும் முன், அளவைப் படத்தை எடுத்துக்கொண்டு சபைக்குப் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தத் துண்டு அனுமதி பெற்றுப் பிரிக்கப்பட்டதா? பாதை பொதுப் பாதையா, எவ்வளவு அகலம்? இது வயலாகப் பதிவாகியிருக்கிறதா? அனுமதியின்றிக் கட்டிய வீட்டுக்குப் பின்னர் அனுமதி பெற வழி உண்டு, ஆனால் கட்டணம் கூடும். விதியை அடியோடு மீறியிருந்தால் அதுவும் கிடைக்காது. நகர அபிவிருத்திப் பிரதேசங்களில் நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக இடிப்பதற்கான கட்டளை பெறவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

போருக்குப் பிறகு எங்களுக்கு எத்தனை வீடுகள் வேண்டும் என்ற கணக்கை எல்லோரும் எடுத்தார்கள். அந்த வீடுகள் எந்தக் காணியில், எந்த விதிக்குள் நிற்கப்போகின்றன என்ற கணக்கை எடுக்க ஆள் குறைவு. அந்த விதிகளில் ஒரு பகுதியையாவது இனி எங்கள் சபைகளே எழுதலாம். அரைப் பேர்ச் குறைந்ததற்காக ஒரு பெண்ணின் வீடு தள்ளிப்போகக் கூடாது என்று எழுதுவதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.